ரெண்டு பக்கமும் முங்கின மதகுல எத்தனை கனஅடி போகுது?

பாசனவாய்க்கால்:
பாகூர் பக்கம் ஒரு ஏரி மதகு. ஷட்டர் அகலம் 60 செ.மீ., 30 செ.மீ. தூக்கியிருக்கு. தரையிலிருந்து ஏரிப்பக்கம் தண்ணி 1.50 மீட்டர், வாய்க்கால் பக்கம் 1.10 மீட்டர். வாய்க்கால் 2 மீட்டர் அகலம். கணக்குல வினாடிக்கு 20 கனஅடி வருது, ஆனா வாய்க்கால்ல அவ்வளவு ஓடலை. எங்க தப்பு?

மடைவாய்:
சார், ஏரி மட்டத்திலிருந்து திறப்போட நடு வரைக்கும் 1.35 மீட்டர்னு எடுத்திருக்கீங்க. தண்ணி வெளியில காத்துல பீச்சி விழுற மதகுக்குத்தான் அது சரி. உங்க மதகுல வாய்க்கால் தண்ணி எதிர்த்து நிக்குது. ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.40 மீட்டர் மட்டும்தான் தண்ணியைத் தள்ளுது. திறப்பு எவ்வளவு ஆழத்துல இருக்குங்கிறது கணக்குல வராது.
2 × 9.81 (புவியீர்ப்பு முடுக்கம்) × 0.40 = 7.85. வர்க்கமூலம் 2.80. இதை பரப்பு 0.18 ச.மீ., சி.டி. (திறப்புல தண்ணி சுருங்கி ஓடுறதுக்கான குறைப்பு எண்) 0.61 ரெண்டாலயும் பெருக்குங்க: 0.308 கனமீட்டர். அதாவது 10.9 கனஅடி. அடிக்கணக்குல வேணும்னா 4.89 × பரப்பு × வித்தியாசத்தோட வர்க்கமூலம்.

டியூப்லெவல்:
0.61 நாலு விளிம்பும் கூரா, தரை, சுவர் எல்லாத்துலயும் இருந்து தள்ளி இருக்கிற திறப்புக்கு. இங்க ஷட்டர் தரையில உக்காருதே? அடிப்பக்கம் தண்ணி சுருங்காது. சுற்றளவு 1.80 மீட்டர்ல 0.60 அப்படி, மூணுல ஒரு பங்கு. அந்தப் பங்கை 0.15 ஆல பெருக்கி 1-ஓட கூட்டுங்க: 1.05. 0.61-ஐ இதால பெருக்கினா சி.டி. 0.64 ஆகும், விடை 11.4 கனஅடி.
ஷட்டருக்கு அப்புறம் கரைக்குள்ள நீளமா குழாயோ கல்மடையோ போகுதுன்னா கதையே வேற. 40 செ.மீ.ல ஒரு பங்கு உராய்வுல போயிடும். இந்தக் கணக்கு நிஜத்தைவிடக் கூடத்தான் காட்டும்.

மடைவாய்:
தரை விஷயம் சரிதான், 0.64 எடுத்துக்கங்க.

அளவுக்கல்:
சூத்திரத்தைவிட அளவுலதான் அதிகம் தப்பாகும். ரெண்டு பக்கமும் தண்ணி உயரம் பார்க்க நடுற ஸ்கேல் ரெண்டும் ஒரே மட்டத்திலிருந்து தொடங்கணும். கொத்தனார் மட்டம் பார்க்க வச்சிருக்கிற, தண்ணி நிரப்பின டியூப் லெவலே போதும். டியூப்ல காத்துக்குமிழ் ஒண்ணு நின்னாலும் மட்டம் பொய் சொல்லும். 40 செ.மீ. வித்தியாசத்துல 2 செ.மீ. பிசகினா விடை 2.5 சதவீதம்தான் மாறும். வித்தியாசமே 5 செ.மீ.னா அதே பிசகுல கிட்டத்தட்ட 20 சதவீதம் போயிடும்.
கீழ்ப்பக்க ஸ்கேலை நுரை கொப்புளிக்கிற இடத்துல வைக்காதீங்க. ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை நட்டு உள்ள பாருங்க, தண்ணி ஆடாம நிக்கும். ஏரிப்பக்கம் குப்பையைத் தடுக்கிற கம்பியில ஆகாயத்தாமரை அடைச்சிருந்தா ஸ்கேல் கம்பிக்கும் ஷட்டருக்கும் நடுவுல இருக்கணும்.

பாசனவாய்க்கால்:
நன்றி. குழாய் இல்லை சார், ஷட்டர் தாண்டினா நேரா வாய்க்கால்தான். தண்ணி இறங்க இறங்க இதே கணக்கு ஓடுமா?

டியூப்லெவல்:
ஓடாது. வாய்க்கால் மட்டம் 30 செ.மீ.யை, அதாவது ஷட்டரோட கீழ்விளிம்பை, நெருங்க ஆரம்பிச்சாலே இதை விட்டுடுங்க. அப்ப தண்ணி பீச்சி ஓட ஆரம்பிச்சிடும், கீழ்மட்டம் ஓட்டத்தைத் தடுக்காது.