பொறி கலங்கியிருக்கா? – கன்கஷன் பற்றி ஒரு கல்லூரிக் கட்டுரை எழுதப் போன அனுபவம்

நடுநிசிப் பேனா

மூன்று மாதம் ஒரே கட்டுரையோடு மல்லுக்கட்டி நேற்று ராத்திரிதான் ஒப்படைத்தேன். 3,000 வார்த்தை. உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் ஏற்படும் மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், இதுதான் பொருள். முடித்த பிறகும் தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன். தலையில் அடிபட்டவர்கள், அடிபட்டவரைப் பார்த்துக்கொண்டவர்கள், இப்படி ஏதாவது ஆய்வில் மாட்டிக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதல் வரைவு ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2014-ல் பவுன்சர் பட்டு இறந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸில் ஆரம்பித்து, படிக்கிறவர் கண் கலங்க வேண்டும் என்று ஒரு பத்தி முழுக்க உருகியிருந்தேன். ரெண்டு நாள் கழித்து ஆதாரம் தேட உட்கார்ந்தால், அவருக்குப் பந்து பட்டது கழுத்தில். மூளைக்குப் போகும் தமனி கிழிந்து ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கிறது. அவர் இறந்த காரணத்துக்கும் கன்கஷனுக்கும் சம்பந்தமே இல்லை. போதாக்குறைக்கு, கிரிக்கெட் மோதல் விளையாட்டே கிடையாது. நான் ரசித்து எழுதிய ஒரே பத்தி அதுதான். அழித்தேன்.

அடுத்து வாதம். 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில் ஆடிய 111 பேரின் மூளையைப் பரிசோதித்ததில் 110-ல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் தெரிந்தது. நான் என்ன எழுதினேன்? ‘என்.எஃப்.எல். வீரர்களில் 99 சதவீதம் பேருக்கு மூளைச் சிதைவு.’ எழுதிவிட்டு டீ போடப் போகிற அளவுக்கு நம்பிக்கை! ஆய்வு முறை என்ற பகுதியைப் பிறகுதான் படித்தேன். அந்த மூளைகள் எல்லாம் குடும்பத்தினர் தானமாகக் கொடுத்தவை. அப்பாவுக்கு மறதி வந்தது, கணவருக்குக் கோபம் தலைக்கேறியது என்று பார்த்துப் பயந்தவர்கள்தானே பெரும்பாலும் தானம் கொடுக்க முன்வருவார்கள்? சி.டி.இ.-யை உறுதியாகக் கண்டுபிடிப்பதும் இறந்த பிறகுதான். அந்த 111-ஐ வைத்து உயிரோடு இருக்கிற எல்லாருக்கும் கணக்குப் போட முடியாது. ஆய்வாளர்களே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை.

உடனே இரண்டாவது வரைவில் அந்தக் கோடிக்குத் தாவினேன். ‘எதுவும் நிரூபணமாகவில்லை.’ என் பேராசிரியை ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதினார்: “அப்போ எதுக்கும்மா எழுதுற?”

மூன்றாவது வரைவுக்குக் கை கொடுத்தது 2019-ல் வந்த கிளாஸ்கோ ஆய்வு. ஸ்காட்லாந்தில் தொழில்முறையாகக் கால்பந்து ஆடிய 7,676 பேரின் இறப்புப் பதிவுகளைப் பொதுமக்கள் சுமார் 23,000 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டது. நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடம் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதே வீரர்கள் மாரடைப்பில் இறந்தது மற்றவர்களைவிடக் குறைவு. ஒரே ஆய்வில் நல்லதும் கெட்டதும். அதைப் படித்த அன்றுதான் கட்டுரை கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது பேட்டி எடுத்த கதை. ஒன்பது வீரர்களிடம் போனேன். கையில் அழகாக அச்சடித்த கேள்வித்தாள். முதல் கேள்வி: ‘உங்களுக்குக் கன்கஷன் ஏற்பட்டதுண்டா?’ ஒன்பது பேரும் இல்லை என்றார்கள். கட்டுரை செத்தது என்று நினைத்தேன். ஒன்பதாவது ஆள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, பேட்டி முடிந்துவிட்டது என்ற தைரியத்தில் சொன்னார்: “கன்கஷன்லாம் இல்ல. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு இடி. பொறி கலங்கிடுச்சு. அந்த மேட்ச்ல ஜெயிச்சோமாம். எனக்கு வீட்டுக்கு வந்ததுதான் ஞாபகம்.”

கேள்வித்தாளைக் கிழித்துப்போட்டு மற்ற எட்டுப் பேரிடமும் திரும்பப் போனேன். “எப்பவாவது பொறி கலங்கியிருக்கா? கண்ணுல பூச்சி பறந்திருக்கா? அடிபட்டதும் கொஞ்ச நேரம் எங்கே இருக்கோம்னே தெரியாமப் போயிருக்கா?” ஆறு பேர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ரைட் கார்னர்

தங்கச்சி, அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தன்னு வச்சுக்க. கபடில பதினோரு வருஷம் கார்னர் ஆடினேன். ஆங்கிள் ஹோல்டு, அதான் கணுக்கால் பிடி, போடுறப்ப நம்ம தலை ரைடரோட முழங்கால் உயரத்துலதான் இருக்கும். அவன் உதறினா எங்க படும்னு சொல்லவா வேணும்?

ஒரு தடவை பொட்டுல வாங்கினேன். மயக்கம் எல்லாம் இல்ல. சத்தம் மட்டும் தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருந்துச்சு. கோச் வந்து, “இது எத்தனை விரல்?”ன்னாரு. மூணுன்னேன். உள்ள போடான்னாரு. உண்மை என்னன்னா எனக்கு விரலே தெரியல. அவரு யாருக்கு அடிபட்டாலும் மூணு விரல்தான் காட்டுவாரு, அது டீமுக்கே தெரியும்.

அப்புறம் பத்து நாள் வெளிச்சம் ஆகல. யார் பேசினாலும் எரிஞ்சு விழுந்தேன். ஸ்கேன் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு. நார்மல்னா நார்மல்தானேன்னு மறுவாரமே மேட்ல இறங்கிட்டேன். செலக்‌ஷன் நேரம். சொன்னா இடம் போயிடும். ஒண்ணும் ஆகல, அதிர்ஷ்டம்.

மைதான ஓரம்

அந்த ‘நார்மல்’ பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடமாக விளையாட்டு ஃபிசியோவாக இருக்கிறேன், இந்த ஒரு வார்த்தையோடு போராடுவதே பாதி வேலை. சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் அதில் பெரும்பாலும் தெரியாது. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளையும் முறுக்கிக்கொள்கிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களுக்குள் இருக்க வேண்டிய உப்பயனிகள் (மின்னூட்டம் உள்ள உப்புத் துகள்கள்) வெளியேயும், வெளியே இருக்க வேண்டியவை உள்ளேயும் போய்விடுகின்றன. அதைச் சரிக்கட்ட மூளைக்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும். அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஆக, கட்டடம் இடியவில்லை, மின்சாரம்தான் தட்டுப்பாடு. கட்டடத்தைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? ஹெல்மெட் போட்டால் வராது என்பதும் இதே மாதிரிதான். அது மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே நடக்கிற முறுக்கலை நிறுத்தாது.

மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்று நினைக்காதீர்கள். பத்தில் ஒன்பது பேர் மயங்குவதில்லை.

விரல் எண்ணுவதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். மைதானத்தில் கேட்பது வேறு: இது எந்த மைதானம், எந்தப் பாதி நடக்கிறது, கடைசியாக யார் கோல் போட்டது, போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா? இவற்றுக்கு மேடாக்ஸ் கேள்விகள் என்று பெயர். ‘உன் பேர் என்ன’ என்று கேட்டால் மண்டை உடைந்தவனும் சொல்வான். ரக்பியில் சந்தேகம் வந்தால் வீரரைத் தற்காலிகமாக வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். அதற்கும் வீரர்கள் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சீசன் ஆரம்பத்தில் எடுக்கும் அடிப்படைச் சோதனையிலேயே வேண்டுமென்று மோசமாகச் செய்துவைப்பது, அடிபட்ட பிறகு வித்தியாசம் தெரியாமல் இருக்க. எனக்கே கண்ணெதிரில் ஒரு பையன் செய்தான், சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ரைட் கார்னர், அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னது சரியான வார்த்தை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், குறிப்பாகச் சின்ன வயதில், மூளை வீங்கி உயிரே போகலாம். கனடாவில் ஓட்டவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் 2013-ல் ரக்பி ஆட்டத்தில் விழுந்து அப்படித்தான் இறந்தாள். சில நாட்களுக்குள் நடந்த முந்தைய ஆட்டங்களிலும் தலையில் அடி வாங்கியிருந்தாள். 2018-ல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரிலேயே சட்டம் போட்டது.

நடுநிசிப் பேனா

அக்கா, அந்தப் பெண்ணின் கதையைத்தான் கடைசியில் ஹியூஸ் இருந்த இடத்தில் வைத்தேன். உருகாமல், நாலே வரியில்.

வார்த்தையைப் பற்றி இன்னொன்று. 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், தலையில் அடி வாங்கி வாங்கிக் குடித்தவர் போலத் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு, ‘குத்துப் போதை’ என்று நாம் தமிழில் சொல்லலாம். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. குத்துச்சண்டை ரசிகர்களும் ஏற்பாட்டாளர்களும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. மைதானத்துக்குத் தெரிந்தது மருத்துவத்துக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. நான் கேள்வித்தாளோடு போய் நின்றதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

இன்னொரு வெட்கமும் உண்டு. குறிப்பெடுக்கும்போது சில வரிகளை அப்படியே எழுதி, மேற்கோள் குறி போடாமல் விட்டிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அவை என் சொந்த வரிகளாகவே தெரிந்தன. ‘அட, நல்லா எழுதியிருக்கோமே’ என்றுகூடத் தோன்றியது! அதே வாரத்தில்தான் பால் மெக்ரோரி பற்றிப் படித்தேன். உலகம் முழுக்கப் பின்பற்றும் கன்கஷன் வழிகாட்டுதல்களை உருவாக்கும் நிபுணர் குழுவின் தலைவராக இருந்தவர். அடுத்தவர் எழுதியதை எடுத்தாண்டதாக 2022-ல் அவருடைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, தலைமைப் பதவியிலிருந்தும் விலகினார். அதே ஆண்டில் இன்னும் பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. என் கட்டுரையில் அவர் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு இடத்தையும் வேறு ஆய்வோடு சரிபார்க்க நாலு நாள் ஆனது. என் குறிப்பேட்டில் திருடிய வரிகளைத் தேட இன்னும் இரண்டு நாள். இப்போது நகலெடுக்கும் வரி எல்லாம் சிவப்பு மையில்.

ஒரு அம்மா

என் மகளுக்குக் கால்பந்துல தலையோட தலை மோதிடுச்சு. பன்னிரண்டாம் வகுப்பு. அப்ப எங்களுக்குச் சொன்னதெல்லாம், இருட்டு அறையில படுக்க வை, போன் வேண்டாம், புத்தகம் வேண்டாம், யாரும் பேச வேண்டாம். ரெண்டு வாரம் அப்படியே வச்சிருந்தேன். பிள்ளை அழுதுகிட்டே கிடந்தா. இருட்டுல கிடந்ததாலதான் அழுகைன்னு எனக்கு அப்பத் தோணல, அடிபட்டதாலன்னு நினைச்சேன்.

அப்புறம் படிக்க உட்கார்ந்தா ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள தலைவலி. எழுதினா பாதி வாக்கியத்துல என்ன எழுத வந்தோம்னு மறந்துடும். பள்ளிக்கூடத்துல “பார்க்க நல்லாத்தானே இருக்கா”ன்னாங்க. கால்ல கட்டுப் போட்டிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க.

மைதான ஓரம்

அம்மா, உங்கள் தப்பு இல்லை, அப்போது எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர்கள் மாநாட்டின் முடிவுகள் அடுத்த ஆண்டு வெளிவந்தன. முழு இருட்டறை ஓய்வு இப்போது கிடையாது. முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைப்பது, பிறகு மெல்ல நடை. படிப்புக்கும் அப்படித்தான், கொஞ்ச நேரம் படிப்பு, கொஞ்சம் இடைவெளி. ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் இருக்கிற பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் மருத்துவர் சரி சொல்ல வேண்டும்.

நடுநிசி, ஒன்று கேட்கணும். பேட்டிக்கு ரெண்டு வாரம் முன்பு பொறி கலங்கின அந்த ஒன்பதாவது ஆள் இப்போது எப்படி இருக்கிறார்?

நடுநிசிப் பேனா

இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் அவர் கூப்பிட்டார். “என் பேச்சை எடுத்துடுங்க, அணி யாருன்னு கண்டுபிடிச்சுடுவாங்க, அடுத்த மாசம் செலக்‌ஷன்.” எடுத்துவிட்டேன். கட்டுரையின் நடுவில் ஒரு குழி. எந்த விளையாட்டு என்று சொல்லாமல் இங்கே எழுதிக்கொள்ள மட்டும் ஒப்புக்கொண்டார். நான் அப்போது கவலைப்பட்டது என் மூன்றாவது பகுதி பலவீனமாகிவிட்டதே என்றுதான். அவர் தலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் இதையே படித்தவள் நான்.

ரைட் கார்னர்

போனைப் போடு தங்கச்சி. கோச்சுக்கு இல்ல, அவனுக்கு. கோச்சுக்குப் போட்டா அடுத்த தடவை அவன் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டான். எனக்கு அப்படி ஒருத்தர் போட்டிருந்தா நான் போயிருப்பேனான்னு தெரியல. ஆனா போடு.

நடுநிசிப் பேனா

பேசினேன். தலைவலி இன்னும் இருக்கிறதாம், சாயங்காலம் ஆனால் அதிகமாம். பயிற்சிக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ரோவனைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை, லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். நாளைக்குப் பயிற்சிக்குப் போகாமல் மருத்துவரிடம் வருகிறேன் என்றார், நானும் கூட வந்தால்.

வைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “உள்ள போய் என்னன்னு சொல்லணும்? பொறி கலங்கிடுச்சுன்னா டாக்டருக்குப் புரியுமா?”