உதவி: மேம்படுத்திய பிறகு படம் வரவில்லை, நிறமும் மாறிவிட்டது (அவசரம்)

நெய்தல்
ஆய்வகக் கணினியை மேம்படுத்திக் கொடுத்தார்கள். நிரல் ஓடுகிறது, பிழை எதுவும் இல்லை, ஆனால் படம் திரையில் வருவதே இல்லை. கோப்பாகச் சேமித்துத் திறந்தால், நீலமும் சிவப்புமாக இருந்த கடல் வெப்பநிலைப் படம் கத்தரிப்பூ நிறத்தில் தொடங்கி மஞ்சளில் முடிகிறது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. வியாழன்று நெறியாளரிடம் காட்ட வேண்டும். உதவுங்கள்.

கயல்
என்ன மென்பொருள், எந்த இயங்குதளம்? அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா, தொலைவிலிருந்து நுழைகிறீர்களா?

அரசமரம்
வரைகலை அட்டையின் டிரைவர்தான். மேம்படுத்தினால் முதலில் போவது அதுதான். நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

நெய்தல்
பைத்தான், அதில் படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகம். இயங்குதளம் உபுண்டு. கணினி முன்னால்தான் இருக்கிறேன்.

வெண்கொற்றன்
16.04-உம் உபுண்டு, 24.04-உம் உபுண்டு. கேள்வி கேட்பது எப்படி என்று எழுதி மேலே ஒட்டிவைத்திருக்கிறோம், அலங்காரத்துக்காக அல்ல. பதிப்பு எண்களைக் கொடுங்கள். டெர்மினலில் வரும் ஒவ்வொரு வரியையும் கொடுங்கள். "பிழை இல்லை" என்பதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

நெய்தல்
நீங்கள் சொன்ன அதே 16.04-இலிருந்து 24.04. மேட்பிளாட்லிப் முன்பு 1.5, இப்போது மெய்நிகர் சூழலில் (தனியாகப் பிரித்துவைத்த பைத்தான் அமைப்பு) பிப் என்ற நிறுவியின் வழியாகப் போட்ட புதியது. 'ஃபிகர்கேன்வாஸ்ஏஜிஜி' ஊடாடாத வகை, காட்ட முடியாது என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. அது எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று விட்டுவிட்டேன்.

கயல்
அந்த வரியில்தான் விடை இருக்கிறது. 3.0 முதல் மேட்பிளாட்லிப் தானாகவே பேக்எண்டை, அதாவது படத்தை வரைந்து தரும் பகுதியை, தேர்ந்தெடுக்கும். சாளரம் திறக்கும் க்யூடி, டிகே எதுவும் கிடைக்காவிட்டால் ஏஜிஜிக்கு இறங்கிவிடும். அது கோப்பில் வரையும், சாளரம் திறக்காது. உபுண்டுவில், டிகேயைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் டிகின்டர் தனிப் பொதி. பைத்தானோடு சேர்ந்து வராது. நிர்வாகியிடம் சொல்லி 'பைத்தான்3-டிகே' பொதியைப் போடச் சொல்லுங்கள். மெய்நிகர் சூழலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. நிர்வாகி கிடைக்காவிட்டால் பிப் வழியே க்யூடிக்கான பைக்யூடி6 போட்டுப் பாருங்கள். ஆனால் க்யூடி 6.5 முதல் எக்ஸ்சிபி-கர்சர் நூலகம் இல்லையென்று முரண்டு பிடிக்கலாம், அதற்கும் நிர்வாகிதான் வர வேண்டும்.

அரசமரம்
டிரைவரையும் ஒருமுறை பார்த்துவிடலாமே. வேலாண்டு (திரையில் சாளரங்களைக் காட்டும் முறை) அமர்வில் என்னென்னவோ நடக்கிறது.

வெண்கொற்றன்
ஏஜிஜி முழுக்க முழுக்க மையச் செயலியில் (சிபியு) வரைவது. வரைகலை அட்டையையே கழற்றி வைத்தாலும் அது வரையும்.

கயல்
நிறம் மாறியது பழுது இல்லை. 2017-இல் வந்த 2.0 பதிப்பில் இயல்புநிலை வண்ண வரிசை, நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஜெட்டிலிருந்து, நீங்கள் இப்போது பார்க்கும் விரிடிஸ் ஆனது. எழுத்துரு, அச்சு விளிம்பு, படத்தின் அளவு எல்லாம் அப்போதே மாறின. பழைய தோற்றம் முழுவதும் வேண்டுமானால் 'கிளாசிக்' பாணியை அழையுங்கள். நிறம் மட்டும் போதுமென்றால் வண்ண வரிசையைக் குறிக்கும் சிமேப்பில் ஜெட் என்று கொடுங்கள். கொடுக்காமல் இருப்பது நல்லது.

அரசமரம்
ஏன் கூடாது? கடல் வெப்பநிலை என்றால் குளிர்ச்சி நீலம், சூடு சிவப்பு. பார்த்தவுடன் புரிகிறது.

கயல்
புரிவது போலத் தோன்றுகிறது. ஜெட்டில் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் மஞ்சளும் சயானும் பளிச்சென்று எழுந்து, தரவில் இல்லாத எல்லைக்கோட்டைக் கண்ணுக்குக் காட்டும். உங்கள் படத்தில் தெரிந்த வெப்ப முகப்பு (சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லை) கடலில் இருந்ததா, வண்ணத்தில் இருந்ததா? சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு உள்ளவர் பாடு இன்னும் மோசம். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் அடர்நீலமும் அடர்சிவப்பும் ஒன்றாகிவிடும்.

அரசமரம்
அவ்வளவு பேர் அவ்வளவு காலம் ஜெட்டில் போட்ட கட்டுரைகள் எல்லாம் பொய்யா?

வெண்கொற்றன்
கட்டுரை பொய் என்று யாரும் சொல்லவில்லை. படம் ஏமாற்றும் என்கிறார்கள். மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருள்கூட 2014-இல் ஜெட்டை இயல்புநிலையிலிருந்து இறக்கிவிட்டது.

அரசமரம்
மேட்லேப் செய்தால் வேதவாக்கா?

நெய்தல்
டிகே பொதி போட்டார்கள், சாளரம் வருகிறது. நன்றி அக்கா. நெறியாளருக்கு ஜெட்தான் பழக்கம், அதையே வைத்துவிட்டேன்.

புதுமுகம்27
எனக்கும் இதே சிக்கல். அச்சுப் பெயரைத் தமிழில் கொடுத்தால் வெறும் பெட்டிகள் வருகின்றன.

கயல்
இது வேறு சிக்கல். இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதிப்பு எண்ணோடு தனி இழை தொடங்குங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அதையும் எழுதுங்கள்.