"யாருடைய ஆள்?" என்று கேட்டு முடித்த பிறகு: நெல்லைச் சீமை அனுபவங்கள்

பாளையங்கோட்டைக்காரன்

2024 டிசம்பர் 20. வழக்கு விசாரணைக்காக வந்த ஒருவரைப் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அன்று மாலை நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் பத்துப் பேர் இருந்தோம். எல்லோருக்கும் கை நடுங்கியது. "கோர்ட் வாசலிலேயே வெட்டுகிறான் என்றால் இனி எங்கேதான் போய் நிற்பது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "செத்தது யாருடைய ஆள்?"

யாரோ பதில் சொன்னார்கள். எந்த ஊர், எந்தச் சமூகம், முன்பு நடந்த எந்தக் கொலைக்குப் பழி என்று. அவ்வளவுதான், கடையில் இருந்த பதற்றம் வடிந்துவிட்டது. "ஓ, அது அவர்களுக்குள் உள்ள பகை" என்றார்கள். சத்தம் போட்டவரே டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படி எழுந்து வந்தது இன்றுவரை உறுத்துகிறது.

சொரணையற்ற சனங்கள் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் இதே திருநெல்வேலியில் கடைகளை அடைத்தார்கள். நகராட்சி அலுவலகம் எரிந்தது, காவல் நிலையம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். பிறகு தண்டக் காவல் படையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவை ஊர் மக்கள் தலையிலேயே கட்டினார்கள். வ.உ.சி. யாருடைய ஆள் என்று விசாரித்துவிட்டா அன்று கடையை அடைத்தார்கள்?

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். பேச வேண்டிய இடத்தில் ஏன் பேசாமல் போனோம்?

முக்கூடல் பீடித் தொழிலாளி

அண்ணாச்சி, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. மூன்றாவது தடவை நேரில் போனபோது வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றோம். அந்த அலுவலர் யாரிடமும் வாய் திறந்து பணம் கேட்கவில்லை. மேசை இழுப்பறையை ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முன்னால் நின்றவர் அதில் இரண்டு நோட்டுகளைப் போட்டார். இழுப்பறை மூடியது, கையெழுத்து விழுந்தது. மறுபடியும் இழுப்பறை ஒரு சாண் திறந்தது.

அப்போது பின்னால் நின்ற ஒரு பையன், "எதற்கு ஐயா பணம்?" என்று உரக்கக் கேட்டான். கல்லூரியில் படிக்கிற வயது. நாங்கள் பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அலுவலர் கோபப்படவே இல்லை. அவனுடைய மனுவை வாங்கிப் புரட்டிவிட்டு, "ஒரு தாள் குறைகிறது தம்பி, போய் எடுத்துக்கொண்டு வா" என்றார். அவன் போய்விட்டான். நான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டேன்.

ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். ஆயிரம் பீடி சுற்றினால்தான் எங்களுக்கு அன்றைய கூலி. இலையை நனைத்து வெட்டி, சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தலை நிமிர முடியாது. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் நடந்தால் ஆயிரம் பீடி போயிற்று. இன்னும் ஆறு தடவை நடக்கவிட்டால் லஞ்சத்தைவிட எனக்குக் கூலி நட்டம் அதிகம். இந்தக் கணக்கு அந்த அலுவலருக்கும் தெரியும். அதனால்தான் அவரால் அவ்வளவு நிதானமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடிகிறது.

அந்தப் பையனோடு சேர்ந்து நாங்களும் "ஆமாம் ஐயா, எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பன்னிரண்டு பேருடைய மனுவிலும் தாள் குறைகிறது என்று சொல்லியிருக்க முடியுமா? இலை வெட்டும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது.

ஆற்றங்கரை ஊர்

எங்கள் ஊரில் நள்ளிரவுக்கு மேல் ஆற்றில் திருட்டு மணல் அள்ளும் டிராக்டர் சத்தம் கேட்கும். நாய்கள்கூடக் குரைப்பதில்லை, அவற்றுக்கும் பழகிவிட்டது. சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து வீட்டு விளக்கை அணைத்துவிடுவார். விளக்கு எரிந்தால் நாம் பார்த்தது அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம்.

ஒருநாள் இரவு பொறுக்க மாட்டாமல் போனில் புகார் சொன்னேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். அரைமணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. காவல் நிலையத்திலிருந்து இல்லை, டிராக்டர்காரரிடமிருந்து. "என்ன தம்பி, ஏதோ புகார் கொடுத்தீர்களாமே?" என்று அன்பாகவே கேட்டார். அந்த அன்பு இருக்கிறதே, அதற்குப் பின் நான் போனை எடுக்கவில்லை.

2023 ஏப்ரல் 25-ல் முறப்பநாடு பக்கம் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். "சர்க்கார் அதிகாரிக்கே இந்தக் கதி, நமக்கு எதற்குப் பொல்லாப்பு" என்று அப்பா அன்று சொன்னதை இன்றைக்கும் சொல்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், கொலை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தண்டனை கிடைத்தது இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

மலையிலிருந்து இறங்கியவன்

என் அம்மா எந்த ஊர்வலத்துக்கும் போகமாட்டார், கோயில் ஊர்வலம் தவிர. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர். கேட்டது கூலி உயர்வும் சிறையில் இருந்தவர்களின் விடுதலையும். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி, தாமிரபரணி ஆற்றுக்குள் ஓட்டம். பதினேழு பேர் திரும்பவில்லை. அவர்களில் ஒன்று கைக்குழந்தை.

அம்மாவைப் பார்த்து "மக்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள்" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவர் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

நடுக்கல்லூர்

நல்லதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகளை எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். ஊசி, மருந்துக் குப்பி, நோயாளிகளின் பெயரோடு இருந்த காகிதங்கள் என மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆடு மாடு மேயும் இடம். இந்த முறை யாருடைய ஆள் என்ற கேள்வியே எழவில்லை, நாற்றம் எல்லார் தெருவுக்கும் ஒன்றுபோல வந்தது. ஒன்றாகப் போய் நின்றோம், படம் எடுத்தோம், விடாமல் பேசினோம். பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அகற்றச் சொன்னது. அந்த மாதம் முடிவதற்குள் கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின.

ஓய்வு பெற்ற எழுத்தர், அம்பாசமுத்திரம்

முக்கூடல் தங்கைக்கு ஒரு செய்தி. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். ஆனால் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதுதான் நல்லது. நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, அதில் பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் பக்கத்து இருக்கைக்காரருடைய கை அது. பல வருடம் அவர் வாங்குவதைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தவன் நான். ஒரு விவசாயி தனியாகப் போய்ப் புகார் கொடுத்தார்.

பிறகு அந்த விவசாயி வழக்குக்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார். துணைக்கு ஒருவர்கூடப் போகவில்லை. நானும் போகவில்லை.

முக்கூடல் பீடித் தொழிலாளி

ஐயா, நான் கொடுத்து மாதம் மூன்று ஆகிறது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு மதினி அதே மேசைக்கு அடுத்த வாரம் போக வேண்டும். நீங்கள் எழுதியதை மகள் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் திருநெல்வேலிக்கு வருகிறோம். லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஏஜெண்டிடம் அன்றைக்கு எனக்கு இலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்ற எழுத்தர், அம்பாசமுத்திரம்

காலை பத்து மணிக்குப் பேருந்து நிலைய வாசலில் நிற்பேன். கையில் கறுப்புக் குடை இருக்கும்.

பாளையங்கோட்டைக்காரன்

நானும் வருகிறேன்.