இளையோர் நாவலில் ஒரு முடிச்சு: அவள் நம்பத் தொடங்கும் இடம் ஒட்டவில்லை

வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் 16 வயதுப் பெண்ணைப் பற்றி நான் எழுதும் நாவல். தன்மைக் கூற்று, 22 அத்தியாயங்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள். 11ஆம் அத்தியாயம் வரை யாரையும் அண்டவிடாதவள் 14இல் வளர்ப்புத் தாயை நம்பிவிடுகிறாள். கைப்பிரதியைப் படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

கதைப்படி இது அவளுக்கு நான்காவது வீடு. தம்பி வேறொரு குடும்பத்தில் இருக்கிறான். தலையணை உறைக்குள் ரொட்டியைப் பதுக்குகிறாள், துணிப்பையைப் பிரிப்பதே இல்லை, யாராவது பரிவு காட்டினால் அன்றே சண்டை இழுக்கிறாள். எப்படியும் அனுப்பிவிடுவார்கள், அது சீக்கிரம் நடக்கட்டும் என்பது அவள் கணக்கு. இந்தச் சோதித்துப் பார்த்தலை விட்டுவிட்டு இப்படிப்பட்ட பிள்ளையை எழுதவே முடியாது.

அந்த இடத்தைச் சரிசெய்ய, மனநல ஆலோசகருடன் ஓர் உரையாடல் சேர்த்தேன். அவளே தன்னை விளக்கும் பாடமாகிவிட்டது. முன்கதையை 6ஆம் அத்தியாயத்துக்கு நகர்த்தினால் வேகம் படுத்துவிடுகிறது. படர்க்கைக்கு மாற்றியதும் அவள் குரலே போய்விட்டது. வளர்ப்புத் தாயை இன்னும் கனிவாக்கியது எல்லாவற்றையும்விட மோசம், மீட்க வந்த தேவதையாகிவிட்டார்.

12இல் தம்பியைச் சந்திப்பது ரத்தாகிறது. 13இல் ஓடிப்போய்த் திரும்புகிறாள். இவை இரண்டும் மாறக்கூடாது. இவற்றுக்கு நடுவே, வசனமே இல்லாமல், அவள் பிடி தளர்வதைக் காட்ட நீங்கள் எந்தச் செயலை வைப்பீர்கள்?