மறு: பாயிண்ட் அண்ட் ஷூட் கேமராவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

பார்த்துப் பொத்தானை அமுக்கினால் போதும் என்ற வகைச் சின்ன கேமராவை ஆங்கிலத்தில் பாயிண்ட் அண்ட் ஷூட் என்கிறார்கள், அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டதற்கு இதுவரை வந்தவற்றை ஒருசேரப் படித்தேன். குறிபார்த்துச் சுடுவி, நோக்குசொடுக்கி, சட்டைப்பைக் கேமரா, கையடக்கக் கேமரா, தானியங்கிப் படக்கருவி. முதல் பெயரைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். தமிழில் படத்தை எடுப்போம், பிடிப்போம். 'சுட்ட படம்' என்றால் அடுத்தவர் தளத்திலிருந்து கேட்காமல் எடுத்துப் போட்டது என்றுதான் பொருள். நோக்குசொடுக்கியிலும் இதே சிக்கல்தான், ஆங்கில வினை இரண்டையும் அப்படியே ஒட்டியிருக்கிறோம், கருவி என்ன செய்கிறது என்று அதில் ஒன்றுமே இல்லை. அது போக, சொடுக்கி என்பதைச் சிலர் ஏற்கெனவே சுவிட்சுக்கும் சிலர் மவுசுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கட்டுரை எழுதும் நண்பர் கேட்டது அன்றாடப் பயன்பாட்டுக்கான சின்ன கேமராக்களை ஒப்பிடும் அட்டவணைக்குத் தலைப்பு. அந்த அட்டவணையையே எடுத்துப் பாருங்கள், சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதில் சோனி ஆர்எக்ஸ்100 இருக்கிறது (2012ல் வந்த முதல் மாதிரி, பேட்டரியோடு 240 கிராம்), கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 இருக்கிறது, ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது, 40 மடங்கு ஜூம் உள்ள கேனான் எஸ்எக்ஸ்740 இருக்கிறது. நான்குமே பைக்குள் போகும் கேமராக்கள். ஆனால் ரிக்கோவில் ஜூமே கிடையாது, உள்ளே ஃப்ளாஷும் கிடையாது, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் தாங்களே திருகி வைத்துக்கொள்ளப் பிரியப்படுகிறவர்கள். அதைப் போய் 'பார்த்தோம், அமுக்கினோம்' வகை என்பதா? இன்னொரு பக்கம், வில்லையை (லென்ஸை) மாற்றிக்கொள்ளும் பெரிய எஸ்எல்ஆர் கேமராவை ஆட்டோ முறையில் வைத்துத் திருமணத்தில் சித்தப்பா படம் எடுக்கிறார், அது பையில் அடங்காது, ஆனால் அவர் செய்வது பார்த்து அமுக்குவது மட்டும்தான். ஆக அளவு ஒன்று, யார் அமைக்கிறார்கள் என்பது வேறொன்று. ஆங்கிலத்தில் கடைக்காரர்கள் இரண்டையும் குழப்பி ஒரே பெயரில் விற்றார்கள், அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டாம்.

அளவுக்குக் 'கையடக்கக் கேமரா' போதும். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி என்பது செல்போன் ஆயிற்றே, குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். குழம்பாது என்றே நினைக்கிறேன், பின்னால் கேமரா என்று வருகிறதே. ஏற்கெனவே புழங்குகிற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இரண்டாவதற்கு, அதாவது கேமராவே அமைத்துக்கொள்வதற்கு, என் முன்மொழிவு: தன்னமைவு. தன்னமைவுக் கேமரா, தன்னமைவு முறை.

தானியங்கி இருக்கிறதே என்பீர்கள். தானியங்கி என்றால் யாரும் தொடாமலே ஓடுவது, இங்கே பொத்தானை நாம்தான் அமுக்குகிறோம். கேமரா தானாகச் செய்துகொள்வது அமைப்பதை மட்டும்: குவியம் (ஃபோகஸ்), ஒளியளவு (எக்ஸ்போஷர்), நிறச்சமன் (ஒயிட் பேலன்ஸ்). 1888ல் கோடாக் நிறுவனர் ஈஸ்ட்மன் முதல் கோடாக் கேமராவை விற்றபோது 'பொத்தானை நீங்கள் அமுக்குங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றுதான் விளம்பரம் செய்தார்கள், ஆனால் அந்தக் கேமரா எதையும் அமைக்கவில்லை, அமைக்க அதில் ஒன்றும் இல்லை. குவியம் மாறாது, ஷட்டர் வேகம் மாறாது. தொண்ணூறுகளில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த கோடாக் கேபி10 கூட அந்த ரகம்தான். தானே குவியம் பார்த்துக்கொள்ளும் சின்ன கேமரா விற்பனைக்கு வந்தது 1977ல், கோனிகா சி35 ஏஎஃப். இந்த இரண்டு ரகத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தமிழில் பிரித்துச் சொல்லலாம்: அமைக்க ஒன்றுமில்லாதது நிலையமைவு, தானே அமைத்துக்கொள்வது தன்னமைவு, நாம் அமைப்பது கையமைவு. ஒரு சொல்லை வைத்தால் பக்கத்துச் சொற்களும் தானாக வந்து நிற்க வேண்டும், தன்னமைவில் அது நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

அப்படியானால் செல்போனும் தன்னமைவுக் கேமராதானே என்று கேட்டால், ஆமாம், இன்றைக்கு அதுதான் முதன்மையான தன்னமைவுக் கேமரா. 2010ல் மட்டும் ஜப்பானிய நிறுவனங்கள் 10 கோடிக்கும் மேல் கையடக்கக் கேமராக்களை விற்பனைக்கு அனுப்பின, அந்தச் சந்தையைப் பெரும்பாலும் விழுங்கியது செல்போன்தான்.

அட்டவணையில் இதைவிட எனக்கு உறுத்துவது 'ஓரங்குல உணரி' என்ற மொழிபெயர்ப்பு (உணரி என்பது கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார்). அந்த உணரியின் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை ஐயா! 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், மூலைவிட்டமே 16 மில்லிமீட்டர்தான். பழைய தொலைக்காட்சி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டம் ஓர் அங்குலம், அந்தக் கணக்கு இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் படிக்கிறவர் அதை வெறும் பெயராக எடுத்துக்கொள்வார், தமிழில் 'ஓரங்குலம்' என்று எழுதினால் நம்மாள் அளவுகோலை எடுத்துவிடுவார். எஸ்எக்ஸ்740ல் இருப்பது அதைவிடச் சின்னது, 6.17க்கு 4.55. பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மாலையில் வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதனால் நேராக '13 மி.மீ. உணரி', '6 மி.மீ. உணரி' என்று அகலத்தை எழுதிவிடலாம். வாங்குகிறவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

ஜூமும் அப்படித்தான். ஜூமை ஜூமாகவே விடலாம். ஆனால் ஆப்டிகல், டிஜிட்டல் என்ற இரண்டு அடைமொழிக்கு 'ஒளியியல்', 'எண்ணிம' என்று போட்டால் யாருக்கு என்ன விளங்கும்? முதலாவதில் வில்லை நகர்கிறது. இரண்டாவதில் படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுகிறது. வில்லை ஜூம், வெட்டு ஜூம் என்போம். பெட்டியில் இரண்டையும் பெருக்கி ஒரு பெரிய எண்ணைப் போட்டிருப்பதைப் பார்க்கிறவருக்கு 'வெட்டு' என்ற ஒரு சொல்லே போதும், ஏமாற மாட்டார். (எண்ணிமமா, இலங்கை இலக்கமுறையா, சிங்கப்பூர் மின்னிலக்கமா என்ற பழைய சண்டையையும் இப்படி நைசாகத் தவிர்த்துவிடலாம். கடையில் எல்லாரும் டிஜிட்டல் என்றுதான் கேட்கிறார்கள்.)

ஒளித்துளை (அபெர்ச்சர், வெளிச்சம் உள்ளே வரும் துளை) சரி, மாற்ற வேண்டாம். ஆனால் அட்டவணையில் ஜூமின் இரு முனையிலும் உள்ள ஒளித்துளை எண்களைப் போடுங்கள், எண் சின்னதானால் துளை பெரிது. முதல் ஆர்எக்ஸ்100ல் நீட்டினால் 4.9, ஜி7 எக்ஸ் மார்க் 3ல் நீட்டினாலும் 2.8. அதாவது அந்த முனையில் ஜி7 எக்ஸில் மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். விரித்த முனையில் இரண்டுக்கும் 1.8தான், அதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். என்னைக் கேட்டால் வீட்டு விசேஷத்துக்கு ஜி7 எக்ஸ், பறவைக்கும் கோபுரத்துக்கும் பகலில் எஸ்எக்ஸ்740, ரிக்கோ தெருவில் அலைந்து எடுக்கிறவர்களுக்கு. ஜூம் அதிகம் வேண்டாம், செலவும் குறைய வேண்டும் என்றால் கையிலிருக்கும் செல்போனே போதும், 6 மி.மீ. உணரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது ஷட்டர் லேக், பொத்தானை அமுக்கியதற்கும் படம் பதிவதற்கும் நடுவே ஆகும் தாமதம். யாரோ 'திரைத் தாமதம்' என்று எழுதியிருந்தீர்கள், பட ரிலீஸ் தள்ளிப்போன செய்தி மாதிரி இருக்கிறது. 'பிடிப்புத் தாமதம்' என்று வைத்திருக்கிறேன், எனக்கே அரைமனதுதான். நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.