காரில் பிசிஎம் (BCM, வைப்பர், சென்ட்ரல் லாக் போன்றவற்றை இயக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல்) மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அப்பா வாங்கிய 2011 மாடல் டீசல் எஸ்யூவி. ஒரு மாதமாக வைப்பர் தானாக ஓடுகிறது, நடுராத்திரியில் சென்ட்ரல் லாக் டக் டக்கென்று பூட்டித் திறக்கிறது, காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது. பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரியிலிருந்து போகும் கரண்ட்டை மல்டிமீட்டரில் பார்த்தேன்: 420 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருக்க வேண்டியது. பிசிஎம் ஃபியூஸைப் பிடுங்கினால் 30-க்கு இறங்குகிறது.

டேஷ்போர்டுக்குக் கீழே மாட்யூலைக் கழற்றினால் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறது. முன்கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை முதலில் அடைத்துவிட்டேன். இல்லாவிட்டால் புதுசு போட்டாலும் இதே கதிதான். எர்த் பாயிண்ட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்தாயிற்று, மாற்றமில்லை.

புதிய மாட்யூல் கிடைக்கவில்லை. பழைய பார்ட்ஸ் கடையில் அதே பார்ட் நம்பரில் ஒன்று இருக்கிறது. ஆனால் இந்த வண்டியில் இம்மொபிலைசரும் (பதிவான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) பிசிஎம்முக்குள்தான். அப்படியே மாட்டினால் சாவியை ஏற்காது, ஸ்டார்ட் ஆகாது. பழைய போர்டின் மெமரி சிப்பில் உள்ள டேட்டாவை இதில் ஏற்றித் தருபவர் மதுரைப் பக்கம் யாராவது உண்டா? அல்லது பழைய போர்டையே ரிப்பேர் செய்தால் நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சாவி இரண்டும் கையில் இருக்கின்றன. அடுத்த வாரம் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப் போக வேண்டும்.