ஹயாட் குளோபலிஸ்ட் ஆவதற்காக 1,10,000 டாலரை ஒரே கார்டில் போடலாமா?

இர்விங்_மளிகை:
டல்லாஸ் பக்கம் இர்விங்கில் ஒரு சின்ன இந்திய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, ஃப்ரோஸன் பரோட்டா என்று வருடத்துக்கு 1,10,000 டாலர் அளவுக்குக் கொள்முதல் கார்டில் போகிறது. இதுவரை 2 சதவீத கேஷ்பேக் கார்டில்தான் போட்டேன். இந்த வருடம் மொத்தத்தையும் ஹயாட் ஹோட்டல் செயினின் கார்டு பக்கம் திருப்பலாம் என்று யோசனை.

கணக்கு இதுதான். வருடத்தில் 60 இரவு சேர்ந்தால் குளோபலிஸ்ட், ஹயாட் உறுப்பினர்களுக்குச் சலுகைகளோடு தரும் உச்ச நிலை (ஸ்டேட்டஸ்). சேஸ் வங்கியின் ஹயாட் தனிநபர் கார்டைக் கையில் வைத்திருந்தாலே வருடத்துக்கு 5 இரவு வரவு, அதாவது தங்காமலேயே தங்கியதாகக் கணக்கில் ஏறும். பிசினஸ் கார்டில் ஒவ்வொரு 10,000 டாலருக்கும் 5 இரவு. 1,10,000 போட்டால் 55. ஆக மொத்தம் 60. ஒரு ராத்திரிகூடத் தங்க வேண்டாம்! தனிநபர் கார்டை மட்டும் நம்பினால் 5,000க்கு 2 இரவுதான் என்பதால் 1,40,000 ஆகிவிடும். கடை பெயரில் பிசினஸ் கார்டு இருப்பதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

எடிசன்_கணக்கர்:
வேண்டாம் என்பவன் நான்தான். காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: "ஒரு ராத்திரிகூடத் தங்க வேண்டாம்". தங்காதவருக்கு ஸ்டேட்டஸ் எதற்கு சார்?

கார்டு கொடுப்பது இலவசம் மாதிரித் தெரியும், ஆனால் இலவசம் இல்லை. அதே சேஸ் வங்கியின் இங்க் அன்லிமிட்டட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. எல்லாச் செலவுக்கும் டாலருக்கு 1.5 பாயிண்ட். கூடவே சேஸின் சஃபையர் கார்டு ஒன்று இருந்தால் அந்தப் பாயிண்டுகளை அப்படியே ஒன்றுக்கு ஒன்றாக ஹயாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். 1,10,000 டாலருக்கு 1,65,000 ஹயாட் பாயிண்ட். ஹயாட் கார்டிலோ சாதாரணச் செலவுக்கு டாலருக்கு ஒரு பாயிண்ட், அதாவது 1,10,000. நீங்கள் விட்டுக்கொடுப்பது 55,000 பாயிண்ட். ஒரு பாயிண்டை 1.5 சென்ட் என்று வைத்தாலும் 825 டாலர். அதற்கு மேல் இரண்டு கார்டுக்கும் ஆண்டுக் கட்டணம் 199ம் 95ம்.

ஆக குளோபலிஸ்ட் அட்டையின் விலை ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. யாராவது கடைத்தெருவில் இதை 1,100 டாலருக்கு விற்றால் பர்ஸைத் திறப்பீர்களா? அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

இர்விங்_மளிகை:
சரியான கேள்விதான் கணக்கரே, ஆனால் வரவுப் பக்கத்தைப் பாதி மறைத்துவிட்டீர்கள். 199 டாலர் கார்டில் ஹயாட் செலவுக்கு இரண்டு தடவை 50 டாலர் திரும்ப வருகிறது. 95 டாலர் கார்டில் வருடாவருடம் கேட்டகரி (பாயிண்ட் விலைப்படி ஹோட்டல்களைப் பிரிக்கும் படி) 1 முதல் 4 வரை ஒரு இலவச இரவு. பிசினஸ் கார்டில் 50,000 செலவு தாண்டினால், அந்த வருடம் மீதி நாட்களில் செலவழிக்கும் பாயிண்டில் 10 சதவீதம் திரும்பி வரும். 60 இரவைத் தொட்டால் கேட்டகரி 7 வரை செல்லும் இலவச இரவு ஒன்று. அது ஒன்றே உங்கள் 825ஐப் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

தங்குவதே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கோடையில் ஒரு வாரம், டிசம்பரில் கொஞ்சம், எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு இரவு வரும். இரண்டு பிள்ளைகள். குளோபலிஸ்டுக்குப் பெரியவர் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேருக்கு முழுக் காலை உணவு. ஹவாய் ரிசார்ட்டில் நான்கு பேர் பஃபேயில் உட்கார்ந்தால் நூறு டாலர் சுலபமாகத் தாண்டும். ரிசார்ட் கட்டணம் இல்லை. பாயிண்டில் தங்கினால் பார்க்கிங்கும் இலவசம். இதையெல்லாம் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

சியாட்டில்_அகிலா:
பெருக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி அண்ணா. ஸ்டேட்டஸ் இல்லாவிட்டால் அந்த நூறு டாலர் பஃபேயில் போய் உட்காருவீர்களா? நாங்கள் ரைஸ் குக்கரோடு பயணம் போகிற ஜாதி. முதல் நாள் கடைக்குப் போய் பாலும் வாழைப்பழமும் சீரியலும் வாங்கினால் நாலு பேருக்கு 15 டாலரில் காலை முடிந்தது. உங்களுக்கு மிச்சமாவது அந்த 15 டாலர்தான், நூறு அல்ல. இந்தக் கார்டு ஆர்வலர்கள் எல்லாரும் இங்கேதான் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஸ்டேட்டஸ் வேண்டும் என்றே ஆசை என்றால் ஹில்டன் ஆஸ்பயர் வாங்குங்கள். 550 டாலர் கட்டணம், செலவு இலக்கு எதுவும் இல்லாமல் கையோடு ஹில்டனின் டயமண்ட் ஸ்டேட்டஸ். ரிசார்ட்டுகளுக்கு வருடம் 400 டாலர் கிரெடிட், ஒரு இலவச இரவு. அல்லது 150 டாலர் சர்பாஸ் கார்டில் அதற்குக் கீழ்ப்படியான கோல்ட். கடைச் சரக்கை நிம்மதியாகக் கேஷ்பேக்கிலேயே போடலாம். அப்புறம் ஹயாட் உலகம் முழுக்க 1,500 அளவு ஹோட்டல், ஹில்டன் 9,000க்கு மேல். பிள்ளைகளின் செஸ் போட்டிக்காக ஏதோ ஒரு சின்ன ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனால் எது கண்ணில் படும் என்று நினைக்கிறீர்கள்?

எடிசன்_கணக்கர்:
அகிலா சொன்னதில் முதல் பாதிக்கு என் ஓட்டு. இரண்டாம் பாதிக்கு இல்லை. சும்மா கட்டணம் கட்டினால் டயமண்ட் என்றால் அந்த டயமண்டுக்கு என்ன மரியாதை? 2021லிருந்து அமெரிக்காவில் ஹில்டன் கோல்ட், டயமண்ட் ஆட்களுக்குப் பல பிராண்டுகளில் காலை உணவே கிடையாது, சாப்பாட்டுக் கிரெடிட்தான். ஒரு காபி, ஒரு சாண்ட்விச்சோடு அது முடிந்துவிடுகிறது. இப்போது 2026லிருந்து டயமண்டுக்கு மேலே டயமண்ட் ரிசர்வ் என்று புதுப் படி. 80 இரவு அல்லது 40 தங்கல், அதோடு 18,000 டாலர் ஹோட்டல் செலவும் வேண்டும். கீழே கோல்டுக்கு 40 இரவாக இருந்தது 25 ஆயிற்று, டயமண்டுக்கு 60 இருந்தது 50 ஆயிற்று. கீழ்ப்படியில் கூட்டத்தை ஏற்றிவிட்டு மேலே தனி மாடி கட்டுகிறார்கள். மாரியட்டில் இது பழைய கதை. அவர்களின் பிரில்லியன்ட் கார்டுக்கு 650 டாலர் கட்டினால் பிளாட்டினம் ஸ்டேட்டஸ் கையில் வந்துவிடும். ஆனால் உச்சப் படியான அம்பாசடர் ஆக 100 இரவோடு 23,000 டாலர் ஹோட்டல் பில்லும் காட்ட வேண்டும்.

வரவேற்பு_மேசை:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஆர்லாண்டோவில் ஒரு செயின் ஹோட்டலில் முன்மேசை வேலை. எந்தச் செயின் என்று கேட்காதீர்கள்.

கார்டால் வந்த ஸ்டேட்டஸ், தங்கி வந்த ஸ்டேட்டஸ் என்று எங்கள் திரையில் பிரித்துக் காட்டாது. அதனால் யாரும் யாரையும் இளக்காரமாகப் பார்க்க மாட்டோம், அந்தக் கவலை வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில். பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமை மாலையில் வருகிறவர்கள் பட்டியலைத் திறந்தால் பாதிப் பேர் ஏதாவது ஒரு பளபளப்பான நிலையில் இருப்பார்கள். சூட் அறைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. அவற்றில் பெரும்பாலானவை காசு கொடுத்தவர்களுக்கே போயிருக்கும். மிச்சத்தை யாருக்கு என்று கொடுப்பது?

இன்னொன்றும் சொல்கிறேன், இதைப் பலர் யோசிப்பதில்லை. பெயர்ப்பலகை பெரிய கம்பெனியுடையது, கட்டடம் வேறு ஒருவருடையது. அமெரிக்காவில் பெரும்பாலான செயின் ஹோட்டல்கள் இப்படித்தான். வங்கி பாயிண்ட் வாங்கக் கொடுக்கும் காசு பலகைக்காரருக்குப் போகிறது. உங்கள் ஆம்லெட்டுக்கு முட்டை வாங்குவது பெரும்பாலும் கட்டடக்காரர். அவர் ஏன் சிரித்த முகத்தோடு அள்ளிக் கொடுப்பார்? லவுஞ்ச் மூடியே கிடப்பதும், நாலு மணி செக்அவுட் கேட்டால் "இன்று ஹவுஸ்ஃபுல்" என்பதும் அங்கேயிருந்துதான் வருகிறது.

இர்விங்_மளிகை:
இது புதுத் தகவல், நன்றி. ஆனால் ஹயாட்டில் இத்தனை இரவு என்று எட்டும்போது மைல்கல் பரிசாக வரும் சூட் அப்கிரேடு, அறை இருந்தால் முன்பதிவின்போதே உறுதியாகிவிடும், ஒரே தங்கலில் 7 இரவு வரை. செக்இன் மேசையில் நின்று பல்லைக் காட்ட வேண்டியதில்லை. நான் ஹில்டனை விட்டு ஹயாட்டைப் பிடித்ததே அதற்காகத்தான்.

மந்தைவெளி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் அமெரிக்க ஹோட்டலை வைத்தே சண்டை போடுகிறீர்கள். அங்கே காலை உணவு என்பது வாழைப்பழமும் மஃபினும். ஸ்டேட்டஸின் முழு ருசி இந்தப் பக்கம்தான். கிண்டி பார்க் ஹயாட்டிலோ, அண்ணா சாலை ஹயாட் ரீஜென்சியிலோ காலையில் இட்லி, பொங்கல், தோசைக் கல் முன்னால் ஒரு மாஸ்டர் என்று நிற்பார்கள். பாங்காக், கோலாலம்பூர் போனால் லவுஞ்சில் மாலைச் சிற்றுண்டியிலேயே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். அறை வாடகையும் உங்கள் ஊரோடு ஒப்பிட்டால் குறைவு. அமெரிக்காவில் சம்பாதித்து ஆசியாவில் செலவழியுங்கள், ஸ்டேட்டஸும் அப்படித்தான்.

கார்டில் செலவழித்தே உச்ச ஸ்டேட்டஸுக்கு ஏறும் வழி எங்களுக்கு இல்லை. இங்கே எச்டிஎஃப்சி மாரியட் கார்டு 3,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சில்வரும் 10 இரவு வரவும், 15,000 பாயிண்ட் வரை ஒரு இலவச இரவும் தருகிறார்கள். 6 லட்சம், 9 லட்சம், 15 லட்சம் என்று செலவு ஏற ஏற இன்னும் இலவச இரவுகள். ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கார்டுச் செலவால் கோல்ட் வராது. கோல்ட் வேண்டுமென்றால் அமெக்ஸ் பிளாட்டினத்துக்கு 66,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். உங்களுக்குக் கிடைத்த ஏணியை உதைக்காதீர்கள்.

சியாட்டில்_அகிலா:
ஊருக்கு வந்து ஹோட்டலில் ரூம் போட்டால் எங்கள் மாமியார் சும்மா விடுவாரா? "வீடு இருக்கும்போது எதற்கு ஹோட்டல், நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்?" என்று பெரிய பஞ்சாயத்தே நடக்கும். சென்னைத் தோசைக் கணக்கை இந்த விவாதத்தில் சேர்க்கவே கூடாது.

மந்தைவெளி:
சரி, சென்னையை விடுங்கள். வரும் வழியில் ஒரு வாரம் பாங்காக்கில் இறங்குங்கள். மாமியாருக்குத் தெரியவா போகிறது?

எடிசன்_கணக்கர்:
எல்லாரும் தோசைக்குப் போய்விட்டீர்கள். இர்விங்காரரே, ஒரு விஷயம் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் மொத்த வியாபாரிகள் எல்லாரும் கார்டுக்குக் கூடுதல் காசு கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்களா? எனக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரிகள் கார்டு என்றால் 3 சதவீதம் தனியாகப் போடுவார்கள், செக் கொடுத்தால் அது இல்லை. 1,10,000க்கு 3 சதவீதம் 3,300 டாலர். அப்படியானால் குளோபலிஸ்ட் எல்லாம் பேசவே வேண்டாம். உங்கள் 2 சதவீத கேஷ்பேக்கே நஷ்டம்.

இன்னொன்று, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கணக்கு எல்லாம் மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்கு மட்டும்தான். 20 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டில் பாக்கி வைத்துக்கொண்டு இரவு வரவை எண்ணுகிறவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வருமான வரியைக் கார்டில் கட்டி இலக்கை எட்டுகிறவர்களும் உண்டு. அதற்கும் 1.75 சதவீத அளவில் கட்டணம் இருக்கிறது.

இர்விங்_மளிகை:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஒருவர் மட்டும் 3 சதவீதம் போடுகிறார், உறைபனிச் சரக்கு தருபவர். அவரிடம் போவது வருடத்துக்கு 30,000 இருக்கும். பில்லில் தனி வரியாக வருவதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் ஒரே விலைதான்.

எடிசன்_கணக்கர்:
30,000க்கு 900 டாலர். அதை எடுத்துவிட்டால் உங்களிடம் 80,000தான். இரவு வரவு 40, அதோடு சும்மா வரும் 5. ஆக 45. கதை முடிந்தது.

வரவேற்பு_மேசை:
முடியவில்லை கணக்கரே. அவர் தங்கும் பத்துப் பன்னிரண்டு இரவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் 60ல் சேரும், பாயிண்டில் தங்கினாலும் சேரும். எல்லாவற்றையும் ஹயாட்டிலேயே போட்டால் 57. இன்னும் ஒரு 10,000 டாலரை வீட்டுச் செலவிலிருந்து பிசினஸ் கார்டுக்கு நகர்த்தினால் தாண்டிவிடும். அவர் 1,10,000 போட வேண்டிய அவசியமே இல்லை, 90,000 போதும்.

அப்புறம், ஒரு தடவை கிடைத்தால் அந்த வருடம் மீதியும், அடுத்த வருடம் முழுதும், அதற்கடுத்த பிப்ரவரி வரையும் செல்லும். 2026 கடைசியில் எட்டினால் 2028 பிப்ரவரி வரை. அதனால் 2027ல் அவர் ஹயாட் கார்டைத் தொடவே வேண்டாம். கணக்கரின் இங்க் கார்டில் போடட்டும்.

எடிசன்_கணக்கர்:
அப்படி ஒன்றுவிட்டு ஒரு வருடம் என்றால் விலை பாதியாகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2028 கோடையில் அவர் கையில் ஒன்றும் இருக்காது. அப்போது கையும் காலும் பரபரக்காமல் இருப்பாரா என்பதுதான் சந்தேகம். ஒரு தடவை சூட்டில் படுத்தவர் சாதாரண அறைக்கு இறங்க மாட்டார். இந்த வியாபாரமே அதை நம்பித்தான் ஓடுகிறது.

வீட்டுச் செலவு 10,000 என்று சொல்லி வீட்டுச் சொத்து வரியைக் கார்டில் கட்டிவிடாதீர்கள். டெக்ஸாஸ் கவுண்டிகளில் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. கார் இன்சூரன்ஸ், மளிகை, பெட்ரோல் என்று போங்கள்.

இர்விங்_மளிகை:
மளிகையா? மளிகைக்கடைக்காரன் எந்தக் கடையில் கார்டைத் தேய்ப்பது சார்! இன்சூரன்ஸ் சரி, இரண்டு காருக்கு நன்றாகவே வரும். உறைபனிக்காரருக்கு இந்த வாரமே செக்குக்கு மாறிவிடுகிறேன். 900 டாலரை இத்தனை நாள் பார்க்காமல் விட்டதற்கு வீட்டில் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சியாட்டில்_அகிலா:
எனக்கு இன்னும் ஆஸ்பயர்தான் சரி என்று படுகிறது. 90,000 டாலரை எந்தக் கார்டில் போட்டோம், எத்தனை இரவு ஏறியது என்று டிசம்பர் வரை எக்செல் வைத்து எண்ண என்னால் ஆகாது.